ஏரியில் விட்ட கட்லாக் குஞ்சுகள் என்ன ஆயின? ஜிலேபி மட்டும் மிஞ்சுவது ஏன்?

கேள்வி (குறிஞ்சிப்பாடி வாசகர்):
எங்கள் ஊர்ப் பாசன ஏரியின் மீன்பாசிக் குத்தகையை எடுத்து நடத்தும் குழுவில் நானும் ஒருவன். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பியதும் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை வாங்கி விடுகிறோம்; வைகாசியில் தண்ணீர் மதகுக்குக் கீழே இறங்கியதும் இழுவலை போடுகிறோம். வலையில் ஏறுவது பெரும்பாலும் உள்ளங்கையளவு ஜிலேபிக் கெண்டைதான். அதை வியாபாரிகள் கூறு கட்டி விற்கும் விலைக்குத்தான் எடுக்கிறார்கள். அடுத்த முறை குஞ்சுகளை இரண்டு மடங்காக விடலாம் என்று ஒரு சாராரும், ஜிலேபியைத் தின்று தீர்க்க ஆப்பிரிக்கக் கெளுத்தியை விடலாம் என்று வேறு சிலரும் சொல்கிறார்கள். விவரம் அறிந்தோர் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (மீன்வளம் படித்தவர்):
எத்தனை குஞ்சு விட்டீர்கள் என்பதை எழுதப் போகிறீர்கள் என்று எதிர்பார்த்தேன். ஆனால் அதைவிட முக்கியமானது எந்த அளவுக் குஞ்சு என்பது. ஓர் அங்குலக் குஞ்சை நேராக ஏரியில் விட்டால் அதில் பெரும்பகுதி விராலுக்கும் நீர்க்காகத்துக்கும்தான் இரை.

ஜிலேபியின் கணக்கு வேறு. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த ஆப்பிரிக்க மீன், தேங்கிய நீரிலேயே ஆண்டில் பல முறை இனப்பெருக்கம் செய்யும். தண்ணீர் வடிந்த கரையோரச் சேற்றில் தட்டுத் தட்டாகக் குழிகள் தெரியுமே, அவை ஆண் மீன் பறித்த கூடுகள். அங்கே இட்ட முட்டைகளைப் பெண் மீன் வாயில் அள்ளிக்கொண்டு, குஞ்சுகள் தானாக நீந்தும் வரை காக்கிறது. நெரிசல் கூடி இரை குறைந்தால் உடல் வளர்ச்சி நின்றுவிடும். ஆனால் விரல் நீளத்திலேயே சினைப்பட்டுவிடும். உங்களுக்குக் கிடைக்கும் உள்ளங்கை மீன்கள் குஞ்சுகள் அல்ல, முதிர்ந்த மீன்கள்.

கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் பெருக்கெடுக்கும் ஆற்று வெள்ளத்தில் முட்டையிடுபவை. ஏரியில் சினை பிடித்தாலும் முட்டையிடுவதில்லை. 1957இல் ஒடிசாவின் அங்குலில் மீன்வள அறிவியலாளர் ஹீராலால் சௌத்ரி, மீனின் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்தி இவற்றை முட்டையிடச் செய்த பிறகே பொரிப்பகக் குஞ்சுகளை நம்பிக் குளங்களில் மீன் வளர்ப்பது சாத்தியமானது. ஆகவே நீங்கள் விடுவதில் பிழைப்பது எவ்வளவோ, அவ்வளவுதான் உங்கள் விளைச்சல். சாகப்போகும் குஞ்சை இரண்டு மடங்காக வாங்குவது பணத்தைத் தண்ணீரில் கொட்டுவதாகும்.

ஆப்பிரிக்கக் கெளுத்தியை நினைக்கவே வேண்டாம். அதை வளர்ப்பதற்கு நாட்டில் தடை இருக்கிறது. காற்றைச் சுவாசிக்கும் அந்த மீன் கலிங்கலில் நீர் வழியும்போது பக்கத்து ஏரிகளுக்கும் போய்ச் சேரும். ஜிலேபியோடு நம் அயிரையையும் உளுவையையும் சேர்த்தே தின்னும்.

மறுமொழி 2 (பாகூர் வாசகர்):
மேலே சொன்னதை நடைமுறையில் செய்யும் வழி ஒன்று உண்டு. ஏழெட்டு மாதமே தண்ணீர் நிற்கும் ஏரிக்கு, முந்தைய ஆண்டுக் குஞ்சைச் சிறு குளத்தில் நெருக்கமாக வைத்து, குறைந்த தீனியில் தேக்கி வளர்த்து வாங்குவது நல்லது. விரிந்த நீரில் விட்டதும் அவை இழந்த வளர்ச்சியை எட்டிப் பிடிக்கும். அது கிடைக்காவிட்டால், சிறு குஞ்சை ஹாப்பா என்னும் நெருக்கமான கண்ணுள்ள வலைத் தொட்டிக்குள் தவிடும் கடலைப் பிண்ணாக்கும் கொடுத்து நான்கு அங்குலம் ஆக்கிய பின் திறந்துவிடுங்கள். கலிங்கல் வழியும் நாட்களில், குஞ்சு வெளியேறாதபடி தட்டி கட்டாமல் குஞ்சு விடவே கூடாது. இதைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். கட்லா பெரிதான பிறகு விரால் இருப்பது நல்லதே, அது ஜிலேபிக் குஞ்சுகளைக் குறைக்கும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. எங்கள் ஏரியில் மதகடிப் பள்ளத்தில் கோடையிலும் தண்ணீர் நிற்கிறது. அதை என்ன செய்வது?

மறுமொழி 1 (மீன்வளம் படித்தவர்):
அடுத்த ஆண்டு ஜிலேபிக்கு அதுதான் விதை. புது நீர் வருமுன் சிறு கண் வலையால் அதை முழுவதும் அரித்தெடுங்கள். நான்கு அங்குலக் குஞ்சையே விடுவதானால், வலையில் வரும் விராலையும் நாட்டுக் கெளுத்தியையும் மட்டும் திரும்ப விடுங்கள். அதுவரை விடியற்காலையில் பள்ளத்தைப் பாருங்கள்: இரவில் பாசியும் சுவாசிப்பதால் அந்நேரத்தில் கரைந்த ஆக்சிஜன் மிகக் குறைந்திருக்கும். மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் அன்றைக்கே பிடித்துவிடுங்கள், விலை ஏறட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.