மலையகத்துக்குப் புதிதாக வந்து ஹோம் தியேட்டர் வைக்கிறவர்கள் முதலில் பக்கத்துக் காம்பராவில் போய் நின்று கேளுங்கள்

இந்தியாவிலிருந்து கல்யாணமாகியோ வேலைக்கோ இலங்கையில் ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை பக்கம் குடிவருகிறவர்கள் விசா, வங்கிக் கணக்கு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று நிறையக் கேட்கிறீர்கள், அதற்கெல்லாம் மற்றவர்கள் நன்றாகவே பதில் சொல்லிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது யாரும் கேட்காத ஒன்று. ஊஃபர் பெட்டி, ஹோம் தியேட்டரில் 'தும், தும்' என்ற அடித்தொனியை, அதாவது பேஸை, மட்டும் தருகிற பெட்டி. அங்கிருந்து கொண்டுவருவதாக இருந்தாலும் சரி, இங்கே வாங்குவதாக இருந்தாலும் சரி, இதைப் படித்துவிட்டு வையுங்கள், ஏனென்றால் வந்த புதிதில் அக்கம்பக்கத்தின் மனதைக் கெடுத்துக்கொள்ள இதைவிடச் சுலபமான வழி இல்லை.

நான் கோத்தகிரிக்காரி. தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இங்கிருந்து கப்பலேறி நீலகிரிக்குப் போன குடும்பம் எங்களுடையது. தாத்தா விட்டுவிட்டுப் போன அதே டிக்கோயாப் பக்கம் நான் கல்யாணமாகி வந்தேன். கோயம்புத்தூர் மாமா சீராகக் கொடுத்த ஹோம் தியேட்டரையும் கூடவே கொண்டுவந்தேன். மின்சாரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், இரண்டு நாட்டிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், ட்ரான்ஸ்ஃபார்மர் ஒன்றும் தேவையில்லை. பிளக் மட்டும் மாறும். இங்கே புது வீடுகளில் சதுரக்கால் 13 ஆம்பியர், பழைய வீடுகளில் உருண்டைத் துளை. பழைய லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், சில இடத்தில் எர்த் ஒழுங்காக இருக்காது, பெட்டியிலிருந்து ஓயாமல் 'ங்ங்ங்' என்று ஓர் இரைச்சல் வந்தால் வயரிங் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுப் பாருங்கள், எர்த் காலை ஒடித்துவிட்டால் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் செய்யாதீர்கள், உயிர் விஷயம் அது.

முதல் வருடம் மாமியார் வீட்டில், லயத்தில் இருந்தோம். ஊஃபரை மூலையில் வைத்தேன், இடம் அடைக்காது என்று. இரவு சாப்பிட்டுவிட்டு ஒரு படம் பார்ப்போம், சத்தம் எங்களுக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. மூன்று வாரம் போனது. ஒரு நாள் பக்கத்துக் காம்பரா (லயத்தில் ஒரு குடும்பத்தின் அறைக்கு அப்படித்தான் பெயர்) அக்கா வந்து, "தங்கச்சி, அதை அணைக்காம அப்படியே ஓட விட்டுட்டு எங்க வீட்டுக்கு வந்து ஒரு நிமிசம் நில்லு" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. போய் நின்றேன். வசனம் ஒன்று கேட்கவில்லை, பாட்டு கேட்கவில்லை, வெறும் 'தும், தும்' மட்டும் சுவருக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. ஆணியில் மாட்டியிருந்த அலுமினியத் தாச்சி ஒவ்வொரு அடிக்கும் சுவரில் மோதிக் கிர்ரென்றது. மேசையில் அவர் பாதி குடித்து வைத்த பிளேன்டீ, அதன் மேல் மெல்லிய வட்டம் வட்டமாக அலை. தொட்டிலில் அவருடைய மகளின் குழந்தை கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தது. அழவும் இல்லை, தூங்கவும் இல்லை. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நாலரை மணிக்கு எழுந்து சமைத்து வைத்துவிட்டுப் பெரட்டுக்கு, தோட்டத்தில் காலையில் பெயர் கொடுக்கிற இடத்துக்கு, ஓடுகிற மனுசி, மூன்று வாரமாக எதுவும் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

அதற்குப் பிறகுதான் இதைப் படித்தும் கேட்டும் செய்துபார்த்தும் கற்றுக்கொண்டேன். எல்லாவற்றிலும் நான் முதலில் வைப்பது இதைத்தான்: உங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சத்தத்தை அளக்காதீர்கள். படத்தை ஓட விட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குள் போய் நில்லுங்கள், வீட்டிலிருக்கும் ஒருவரைக் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொல்லுங்கள், அங்கே 'தும்' கேட்பது எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கே பேனாவால் ஒரு கோடு போடுங்கள். இரவில் அந்தக் கோட்டுக்கு மேல் போகக் கூடாது. கைபேசி செயலியை நம்பி 'வெறும் 50 டெசிபல்தானே' என்று இருந்துவிடாதீர்கள், அவை பெரும்பாலும் 'ஏ' அளவையில் காட்டும், அந்த அளவையில் 50 ஹெர்ட்ஸ் பேஸ் சத்தம் 30 டெசிபல் குறைவாகத் தெரியும். பேஸை அவ்வளவாகக் குறைக்காத 'சி' அளவைக்கு மாற்ற வழி இருந்தால் மாற்றிப் பாருங்கள், எண் எங்கேயோ போய் நிற்கும்.

ஏன் பேஸ் மட்டும் இப்படிப் போகிறது? 50 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை 22 அடிக்கும் மேல் நீளம், நம் காம்பராவே 10 அடிக்கு 12 அடி. பேச்சும் தாளமும் சுவரில் பட்டுத் தேய்ந்துவிடும், இது சுவரையே சேர்த்து ஆட்டிவிட்டு அந்தப் பக்கம் இறங்கும். போதாததற்கு பழைய லயங்களில் நடுச்சுவர் பல இடங்களில் கூரை வரைக்கும் போகாது, மேலே தகரத்துக்குக் கீழே திறந்தே கிடக்கும். அப்புறம் அறையின் அளவு. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவில் அலை மாட்டிக்கொண்டு சில சுரங்களில் மட்டும் வீங்கும், 12 அடி நீளத்துக்கு அது 47 ஹெர்ட்ஸ் பக்கம், 10 அடி அகலத்துக்கு 56 பக்கம். சினிமாவில் குண்டு வெடிப்பதும் பாட்டில் பேஸ் கிட்டார் கீழே இறங்குவதும் சரியாக அந்த இடத்தில்தான். ஒரு படத்தில் பேசாமல் இருக்கிற பெட்டி இன்னொரு படத்தில் வீட்டையே உலுக்குவது இதனால்தான்.

முதலில் இடத்தை மாற்றுங்கள், காசு செலவில்லை. மூலைதான் மிக மோசமான இடம், இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து பேஸைப் பெருக்கிக் கொடுக்கும், வாங்கின புதிதில் 'அடேயப்பா என்ன பேஸ்' என்று தோன்றுவதும் அதனால்தான். பொதுச்சுவரில் ஒட்டியும் வைக்காதீர்கள். வெளிப்பக்கச் சுவர் இருந்தால் அந்தப் பக்கமாக, சுவரிலிருந்து ஒன்றிரண்டு அடி தள்ளி வையுங்கள். இன்னொரு வழி, நீங்கள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்துவிடுவது. கிட்டே இருந்தால் குறைந்த சத்தமே உங்களுக்குப் போதும், நான் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறேன், குமிழ் கால்வாசிக்கு மேல் போவதில்லை. சரியான இடம் பிடிபடவில்லை என்றால் ஊஃபரை நீங்கள் உட்காரும் இடத்தில் தூக்கி வைத்து, பேஸ் அதிகமுள்ள ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, அறைக்குள் குனிந்து நடந்து கேளுங்கள். எங்கே பேஸ் வீங்காமல் ஒழுங்காகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை மாற்றுங்கள். வினோதமாகத் தெரியும், வேலை செய்யும்.

பிறகு செட்டிங். கிராஸோவர் என்ற குமிழை, எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலி ஊஃபருக்குப் போக வேண்டும் என்பதை வைக்கிற குமிழ் அது, 80 ஹெர்ட்ஸ் பக்கம் வையுங்கள், முன் ஸ்பீக்கர் மிகச் சிறியதாக இருந்தால் 100, 120 வரை போகலாம், அதற்கு மேல் ஏற்றினால் ஆண் குரல்கூட ஊஃபரிலிருந்து வரத் தொடங்கும், அதுதான் சுவர் தாண்டிப் போய் முணுமுணுப்பாகக் கேட்கிறது. 'நைட் மோட்' என்று ஒன்று இருந்தால் இரவில் போடுங்கள், பெரிய சத்தத்தை அமுக்கி வசனத்தைத் தூக்கிக் கொடுக்கும். செய்தி, நாடகம் பார்க்கும்போது ஊஃபரை அணைத்தே விடுங்கள், செய்தி வாசிக்கிறவருக்கு ஊஃபர் எதற்கு. இன்னொன்றும் நடக்கும், சத்தத்தைக் குறைத்தால் நம் காதுக்கு முதலில் பேஸ்தான் காணாமல் போகும், 1933லேயே ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் இதை அளந்து காட்டியிருக்கிறார்கள். உடனே கை பேஸ் குமிழைத் தேடிப் போகும். போக விடாதீர்கள், இரண்டு நாளில் காது பழகிவிடும்.

மழைக்காலம் தனி. இந்தியாவில் ஓட்டு வீட்டில், மாடி வீட்டில் இருந்தவர்களுக்கு இது புரியாது. ஆடி மாதம் தகரத்தில் மழை கொட்டும்போது எதிரில் இருப்பவர் பேசுவதே கேட்காது, நாம் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போவோம். மழை அமுக்குவது வசனத்தின் கூர்மையை, பேஸை அல்ல. ஆகவே ஏற்றுவதென்றால் வசனம் வருகிற நடு ஸ்பீக்கரை மட்டும் ஏற்றுங்கள், ஊஃபரைத் தொடாதீர்கள். மழை திடீரென்று நிற்கும், அந்த நிமிடம் லயமே அமைதியாக இருக்க உங்கள் வீடு மட்டும் அதிரும். ரிமோட்டைக் கையிலேயே வைத்திருங்கள்.

தகரம் தனியாகவும் பாடும். பெட்டி சரியாக வைத்த பிறகும் எங்கோ 'ஜ்ர்ர்' என்று கேட்டால் அது பேஸ் இல்லை, எதுவோ தளர்ந்திருக்கிறது. கைபேசியை ஹோம் தியேட்டரோடு இணைத்து 20லிருந்து 120 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒலியைப் போட்டு, ஒவ்வொன்றாகக் கை வைத்துப் பாருங்கள். கூரை ஆணி, ஜன்னல் கண்ணாடி, அலமாரிக் கதவு, சாமி படத்தின் சட்டம். எங்கள் வீட்டில் கடைசியில் அகப்பட்டது காஸ் சிலிண்டர் மேல் வைத்திருந்த தட்டு. கூரை ஆணிகளுக்கு ரப்பர் வாஷர் போட்டு இறுக்கினோம், மழை ஒழுகுவதும் சேர்ந்து நின்றது.

செய்யக் கூடாதது இரண்டு. சுவரில் முட்டை அட்டை, மெல்லிய ஸ்பாஞ்ச் ஒட்டுவது. 22 அடி அலைக்கு இரண்டு அங்குல ஸ்பாஞ்ச் ஒரு பொருட்டே இல்லை, அது அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். நம் குளிருக்கும் ஈரத்துக்கும் இரண்டு மாதத்தில் பூஞ்சணம் பிடிக்கும், தீப்பிடிக்கிற சாமானும்கூட. இரண்டாவது, சுவருக்கும் கூரைக்கும் நடுவே உள்ள திறப்பைப் பலகை வைத்து அடைப்பது. விறகடுப்புப் புகை போகிற வழி அதுதான், தயவுசெய்து அடைக்காதீர்கள். அடைத்தாலும் பேச்சுச் சத்தம்தான் குறையும், பேஸ் வழி கண்டுபிடித்துக்கொள்ளும்.

டவுனில் மாடியில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு இனி. இரண்டாவது வருடம் நாங்களும் ஹட்டனில் ஒரு பழைய கடைக்கு மேல் மாடிக்கு வந்தோம், பலகைத் தரை. அங்கே கதை வேறு. லயத்தின் சிமெந்துத் தரை மண்ணில் படுத்திருப்பது, அது அதிகம் ஆடாது. பலகைத் தரை தப்பு மேளம் மாதிரி, தோல் கட்டின வளையம், நடுவில் தட்டினால் ஊருக்கே கேட்கும். ஆகவே அறை நடுவில் வைக்காமல், உத்திரம் சுவரில் இறங்கும் ஓரமாக வையுங்கள், அப்போதும் மூலையை விட்டு. அதோடு பெட்டிக்கும் தரைக்கும் உள்ள தொடர்பை வெட்ட வேண்டும். கடையில் விற்கும் ரப்பர் பாதம் சிறு உதவி. எங்கள் வீட்டில் நன்றாக வேலை செய்தது கொழுந்தன் செய்த ஏற்பாடு. டயர் கடையிலிருந்து பழைய த்ரீவீல் (ஆட்டோ) டியூப் ஒன்று கொண்டுவந்து பஞ்சர் ஒட்டி, பாதிக் காற்று அடித்து, தரையில் படுக்க வைத்து, அதன் மேல் ஒன்றரை அடிச் சதுர சிமெந்துக் கல் ஒன்றை வைத்து, அதற்கு மேல் ஊஃபரை வைத்தார். கல் கனமாக இருக்க வேண்டும், டியூப் மெத்தென்று இருக்க வேண்டும், கையால் அமுக்கி விட்டால் மெதுவாக மூன்று நான்கு தடவை எழும்பி அமர வேண்டும். வேகமாக வெடவெடவென்று துள்ளினால் காற்று அதிகம் அல்லது கல் இலேசு, காற்றை இறக்கியோ கல்லை மாற்றியோ பாருங்கள். கீழே கடைக்காரர் அன்று சாயந்தரமே மேலே வந்து, "பெட்டியை வித்துட்டீங்களா" என்று கேட்டார். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், டியூப் நிறுத்துவது தரை வழியாகப் போகும் அதிர்வை மட்டும், காற்று வழியாகச் சுவரில் படும் பேஸை அது ஒன்றும் செய்யாது, அதற்கு இடமும் குமிழும்தான். உட்காரும் நாற்காலியில் பூட்டுகிற 'ஷேக்கர்' வாங்கலாமா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். சிமெந்துத் தரையில் நல்லது, சத்தமில்லாமல் அதிர்வு கிடைக்கும். பலகைத் தரையில் நாற்காலிக் காலுக்கும் மெத்தென்று ஏதாவது வைக்காவிட்டால் பழைய தொல்லையே திரும்பும்.

நேரம். ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை அனுமதி கொடுக்கக் கூடாது என்று 2007ல் இங்கே உச்ச நீதிமன்றம் சொன்னது. அது கோயில், கூட்டம் போன்ற இடங்களின் ஒலிபெருக்கி அனுமதியைப் பற்றியது. லயத்தில் அந்தப் 10 மணியே பிந்தி, எட்டரைக்கு ஊர் படுத்துவிடும். புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரப் பரீட்சை நெருங்கும் மாதங்களில் பக்கத்தில் படிக்கிற பிள்ளை இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், இருந்தால் அந்த மாதம் முழுக்க ஊஃபர் வேண்டாம். திருவிழாவுக்கு ஊரே ஸ்பீக்கர் கட்டுகிறதே என்று கேட்காதீர்கள், அது எல்லோரும் சேர்ந்து விழித்திருக்கிற இரவு.

டியூப் வைக்கிறவர்கள் மாதம் ஒரு தடவை காற்றைப் பாருங்கள், குளிருக்குச் சீக்கிரம் இறங்கிவிடுகிறது. கல் ஒரு பக்கம் சாய்ந்து தரையைத் தொட்டுவிட்டால் அன்றைக்கே கீழ் வீட்டுக்குக் கேட்கும். எங்கள் வீட்டில் சைக்கிள் பம்ப் ஊஃபருக்குப் பின்னாலேயே சாத்தியிருக்கிறது.