1930-32 கடத்தல் விசாரணைக் குழு: காலனி அரசுகள் கொடுத்த கணக்கை நம்பலாமா?

ஏடுதேடி:
பெண்கள், குழந்தைகள் கடத்தலை விசாரிக்க சர்வதேச சங்கம் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) கீழை நாடுகளுக்கு அனுப்பிய குழுவைப் பற்றிப் படிக்கிறேன். தலைவர் பாஸ்கம் ஜான்சன். கூடவே டாக்டர் அல்மா சுண்ட்குவிஸ்ட், கரோல் பிண்டோர். சிங்கப்பூர், இந்தியா அட்டவணைகளை ஒப்பிட்டால் எதுவும் ஒட்டவில்லை. மறைத்துவிட்டார்களா?

மைக்கூடு:
மறைப்பதற்கு முன்னால் வரையறை இருக்கிறது. குழு கேட்டது நாடு விட்டு நாடு போன கடத்தலை. சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்குக் கொண்டுபோனால் இரண்டும் ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட் என்ற ஒரே பிரிட்டிஷ் காலனி, கணக்கில் வராது. அடுத்து வயது. கடத்தலைத் தடுக்கச் செய்த 1921 சர்வதேச ஒப்பந்தப்படி 21 வயது நிரம்பாதவளின் சம்மதம் செல்லாது. பிரிட்டிஷ் இந்தியா தனக்கு 16 போதும் என்று விலக்கு வாங்கிக்கொண்டது. சிங்கப்பூர், இந்தியா எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எப்படி ஒட்டும்?

தண்டனை எண்ணிக்கையைக் கடத்தல் எண்ணிக்கையாக எடுக்கவே வேண்டாம். கப்பலில் இறங்கும் பெண், கூட வந்தவளை "அம்மா" என்று சொல்லிவிட்டால் வழக்கு நிற்காது. அதனால் சிங்கப்பூரில் சீனர் விவகாரங்களைப் பார்த்த அரசுத் துறையான சீனர் பாதுகாப்பு அலுவலகம் கோர்ட்டுக்குப் போவதைவிட, சந்தேகப்பட்ட பெண்ணுக்குப் புகைப்படத்தோடு ஜாமீன் பத்திரம் எழுதி வாங்குவது, இல்லையென்றால் போ லியுங் குக் என்ற பெண்கள் பாதுகாப்பு இல்லத்துக்கு அனுப்புவது என்று போனது. போலீஸ் கணக்கில் அவள் இருக்கமாட்டாள். இல்லப் பதிவேட்டில் இருப்பாள்.

பழங்கோப்பு:
இன்னொன்று. சங்கத்தின் முந்தைய 1924-27 விசாரணையில் வேஷம் போட்ட துப்பறிவாளர்கள் விபசார விடுதிகளுக்குள்ளேயே போய்ப் பேசினார்கள். கிழக்கில் அந்த முறை இல்லை. அதிகாரிகளும் தொண்டு அமைப்புகளும் சொன்னதுதான் பெரும்பகுதி ஆதாரம். ஆக, யார் எந்தப் பத்தியை எழுதினார் என்பதுதான் முக்கியம்.

1930-ல் ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்டில் விடுதி நடத்துவதே குற்றமானது; சென்னையின் ஒழுக்கக்கேடு ஒழிப்புச் சட்டமும் அதே வருஷம். குழுவுக்காகவே செய்தது என்று எழுதிவிடாதீர்கள், சென்னையில் உள்ளூர்ச் சீர்திருத்தக்காரர்கள் கொடுத்த நெருக்கடி வேறு கதை. ஆனால் விடுதி மூடியதும் தொழில் மறைவுக்குப் போகிறது, எண்ணுவதற்கு ஆளில்லை. அதற்குப் பிறகு எண்ணிக்கை குறைந்தால் சந்தேகப்படுங்கள்.

ஏடுதேடி:
சரி, எந்த ஆவணக் கட்டிலிருந்து ஆரம்பிப்பது?

மைக்கூடு:
லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் காலனி அலுவலக (சி.ஓ.) வரிசைகள்: சி.ஓ. 273 ஸ்ட்ரெய்ட்ஸ், சி.ஓ. 129 ஹாங்காங், சி.ஓ. 54 இலங்கை. இந்தியா அங்கே கிடைக்காது. இந்தியா ஆபீஸ் தாள்கள் பிரிட்டிஷ் நூலகத்தில். அனுப்பிய கடிதத்தை விட்டுவிட்டு மேலட்டைக்குள் இருக்கும் மினிட் குறிப்புகளை, அதாவது அதிகாரிகள் தங்களுக்குள் எழுதிக்கொண்டவற்றை, முதலில் படியுங்கள். எந்த வரியை அடித்தார்கள் என்பது அங்கேதான் தெரியும்.