தடுப்பு மென்பொருள் போடலாமா, வேண்டாமா? எங்கள் மையத்தில் 6 கணினிகள்

தேரடிக்காரர்:
தேரடித் தெருவில் இணைய மையம் வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் தேர்வு விண்ணப்பம், ஹால் டிக்கெட், சாதிச் சான்றிதழ் என்று அலைகிற பிள்ளைகள். போன செவ்வாய்க்கிழமை ஒரு பெண் ஹால் டிக்கெட் எடுக்க வந்தார். தேடியதில் முதலில் வந்த முகவரியைத் திறந்திருக்கிறார். பச்சை நிறத்தில் பெரிதாக ஒரு டவுன்லோட் பட்டன். அதை அழுத்தியதும் திரை முழுக்கச் சிவப்பு. 'உங்கள் கணினியில் வைரஸ், உடனே இந்த எண்ணை அழையுங்கள்' என்று ஆங்கிலத்தில் எழுத்து, ஸ்பீக்கரில் விடாத அலறல். தான்தான் எதையோ கெடுத்துவிட்டதாக நினைத்து, "அண்ணா, எவ்வளவு ஆகும் சொல்லுங்கள், கட்டிவிடுகிறேன்" என்று பர்ஸைத் திறந்துவிட்டார். அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

தீங்கான தளங்களைத் திறக்கவே விடாத மென்பொருளை ஆறு கணினிகளிலும் போடப் போகிறேன். வேண்டாம் என்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

வேலிக்காத்தான்:
யோசிக்காமல் தடுப்பைப் போடுங்கள். ஆறிலும் தனித்தனியாக மென்பொருள்கூட வேண்டியதில்லை, ஆறுக்கும் இணைப்பைப் பிரித்துத் தருகிற ரௌட்டரில் டிஎன்எஸ் எண்ணை மாற்றினாலே போதும். நாம் தட்டுகிற தளப் பெயருக்கு உரிய எண்ணைத் தேடித் தருவதுதான் டிஎன்எஸ்ஸின் வேலை. குவாட்9 என்ற அமைப்பு 2017 முதல் 9.9.9.9 என்ற எண்ணில் இதை இலவசமாகச் செய்கிறது. தீங்கானது என்று பட்டியலில் ஏறிவிட்ட பெயரைக் கேட்டால் அது எண்ணைத் தராது, பக்கமும் திறக்காது. கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் 1.1.1.2 இதே வேலையைச் செய்யும். 1.1.1.3 ஆபாசத் தளங்களையும் சேர்த்துத் தடுக்கும். மொத்தம் பத்து நிமிட வேலை.

திறவுகோல்:
நான் வேண்டாம் என்கிறேன். பட்டியல் என்பது எப்போதும் ஒரு அடி பின்னால்தான் வரும். மோசடித் தளம் காலையில் முளைத்து மாலையில் காணாமல் போகிறது. யாரோ ஒருவர் ஏமாந்து, புகார் போய், பெயர் பட்டியலில் ஏறுவதற்குள் அடுத்த பெயரில் கடை திறந்துவிடுகிறார்கள். அந்தப் பெண் அழுத்திய பட்டன் அன்று எந்தப் பட்டியலிலும் இல்லாமலே இருந்திருக்கலாம்.

நல்ல தளம், கெட்ட தளம் என்று பிரிப்பதும் அவ்வளவு எளிதில்லை. 2016 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ், பிபிசி போன்ற தளங்களில் வந்த விளம்பரங்கள் வழியாகவே தீய நிரல் பரவியது. பிபிசியைத் தடுப்பீர்களா?

இன்னொன்று. காவலுக்கு வைக்கிற மென்பொருள் நீங்கள் போகும் ஒவ்வொரு முகவரியையும் பார்க்கிறது. வைரஸ் தடுப்பு மென்பொருள் செய்கிற அவாஸ்ட் நிறுவனம் இப்படிச் சேர்த்த உலாவல் விவரங்களைத் தன் துணை நிறுவனம் மூலம் விற்றதாக அமெரிக்க வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்து, 2024-இல் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்ட வைத்தது. உங்கள் மையத்தில் பிள்ளைகள் ஆதார் எண்ணைத் தட்டுகிறார்கள். அங்கே இன்னொரு கண் எதற்கு?

வேலிக்காத்தான்:
பிபிசி உதாரணம் எனக்குத்தான் சாதகம். தீய நிரல் பிபிசியின் முகவரியிலிருந்து வரவில்லை, விளம்பரம் அனுப்பிய வேறு முகவரிகளிலிருந்து வந்தது. அவற்றைத் தடுத்தால் செய்தியும் படிக்கலாம், நிரலும் வராது. அதனால் பிரௌசரில் விளம்பரத் தடுப்பானையும் சேர்த்துப் போடுங்கள்.

அவாஸ்ட் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அதனால்தான் கணினிக்குள் உட்காருகிற இலவச மென்பொருளைச் சொல்லாமல் டிஎன்எஸ்ஸைச் சொன்னேன். அதற்குத் தளத்தின் பெயர் மட்டும்தான் தெரியும். பக்கத்தில் நீங்கள் தட்டும் ஆதார் எண் அதற்குப் போகாது.

பட்டியல் பிந்தி வரும் என்பதற்காகப் பட்டியலே வேண்டாம் என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். கொசுவலையில் ஓர் ஓட்டை இருந்தால் வலையைக் கழற்றி எறிந்துவிட்டா தூங்குகிறோம்?

அறிவியல் டீச்சர்:
ஓட்டையைப் பற்றி மட்டுமே பேசுகிறீர்கள். வலை யார் கழுத்தைச் சுற்றுகிறது என்றும் பாருங்கள்.

எங்கள் பள்ளிக் கணினி அறையில் போன ஆண்டு ஒரு தடுப்பு மென்பொருள் போட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் 'மனித இனப்பெருக்கம்' என்று ஒரு பாடம் உண்டு. அதற்குப் படம் தேடிய மாணவியின் திரையில் 'ஆபாசத் தளம், அனுமதி இல்லை' என்று பெரிய எழுத்தில் வந்தது. பின்வரிசைப் பையன்கள் சிரித்தார்கள். அந்தப் பெண் மானிட்டரை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பாடப் புத்தகத்தில் இருப்பதைத்தான் தேடினாள் என்று நான் வகுப்புக்கே உரக்கச் சொன்னேன். ஆனாலும் அந்தப் பாடம் முடியும்வரை அவள் கணினியைத் தொடவே இல்லை.

இது புதிதும் அல்ல. 1995-இல் அமெரிக்காவில் ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனம் 'மார்பகம்' என்ற சொல்லைத் தடை செய்யப்போய், மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள முடியாமல் போனது. எதிர்ப்பு வந்த பிறகுதான் தடையை எடுத்தார்கள்.

வேலிக்காத்தான்:
டீச்சர், அந்தப் பெண் பட்ட அவமானத்துக்கு வருந்துகிறேன். ஆனால் அது சொல்லைப் பார்த்துத் தடுக்கிற வகை. நான் சொல்வது வைரஸ், மோசடித் தளங்களின் பெயர்ப் பட்டியல். இரண்டும் வேறு.

திறவுகோல்:
பெயர்ப் பட்டியலும் மனிதர்கள் செய்வதுதான், அதிலும் கை தவறும். 2009 ஜனவரி 31 அன்று கூகுளின் தீங்குத் தளப் பட்டியலில் தவறுதலாக '/' என்ற ஒற்றைக் குறி ஏறிவிட்டது. எல்லா முகவரியிலும் அந்தக் குறி உண்டு. ஏறக்குறைய ஒரு மணி நேரம், தேடலில் வந்த எல்லாத் தளங்களுக்கும் 'இது உங்கள் கணினிக்குத் தீங்கு செய்யலாம்' என்ற எச்சரிக்கை. விண்ணப்பத்தின் கடைசி நாளில் அப்படி ஒரு மணி நேரம் போனால் அந்தப் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது?

பழைய டெக்னீஷியன்:
எல்லாரும் பூட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள். கதவு எப்படி இருக்கிறது? தேரடிக்காரரே, அந்தக் கணினிகளில் எந்த விண்டோஸ்? வருகிறவர்கள் எந்தக் கணக்கில் நுழைகிறார்கள்?

தேரடிக்காரர்:
நான்கில் விண்டோஸ் 7, இரண்டில் 10. எல்லாருக்கும் ஒரே அட்மின் கணக்குதான், அதாவது கணினியில் எதையும் மாற்ற அனுமதி உள்ள கணக்கு. கடவுச்சொல் இல்லை.

பழைய டெக்னீஷியன்:
அப்படியானால் அதை முதலில் கவனியுங்கள். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2020 ஜனவரி 14-உடன் நின்றுவிட்டது. 2023 தொடக்கத்திலிருந்து அதற்குப் புதிய குரோமும் வருவதில்லை. 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. கணினி பழையது என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள். விண்ணப்பம் நிரப்பவும் பிரின்ட் எடுக்கவும் அது போதும்.

வாடிக்கையாளருக்குத் தனியாக ஒரு சாதாரணக் கணக்கு. அதில் பெரும்பாலான மென்பொருளை நிறுவ முயன்றால் அட்மின் கடவுச்சொல் கேட்கும். என் அனுபவத்தில் பாதித் தொல்லை இங்கேயே நின்றுவிடும். பென் டிரைவில் வருகிற வைரஸ் டிஎன்எஸ்ஸைக் கேட்டுக்கொண்டு உள்ளே வருவதில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

டிஎன்எஸ் மாற்றுவதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் பிரௌசரில் 'பாதுகாப்பான டிஎன்எஸ்' என்ற இடத்தில் யாராவது வேறு சேவையைத் தேர்ந்துவிட்டால் ரௌட்டரில் போட்ட தடுப்பைத் தாண்டிப் போய்விடும். அதையும் பாருங்கள்.

வேலிக்காத்தான்:
ஒரு கணினியை விண்ணப்பத்துக்கு மட்டும் ஒதுக்கி, அனுமதித்த அரசுத் தளங்களைத் தவிர வேறு எதுவும் திறக்காதபடி செய்தால்?

தேரடிக்காரர்:
போன வருடமே செய்து பார்த்து வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஒரு பையன் தேர்வுக் கட்டணம் கட்டினான். அரசுத் தளத்திலிருந்து பணம் கட்டும் பக்கம், அங்கிருந்து வங்கியின் பக்கம், அங்கிருந்து ஓடிபி கேட்க இன்னொரு முகவரி. அந்தக் கடைசி முகவரி என் பட்டியலில் இல்லை. திரை வெள்ளையாக நின்றுவிட்டது. கணக்கிலிருந்து பணம் போய்விட்டது, விண்ணப்பத்தில் 'கட்டணம் செலுத்தப்படவில்லை' என்றிருந்தது. பணம் திரும்பி வர ஒன்பது நாள் ஆனது. மறுபடி கட்ட அவன் அப்பா யாரிடமோ கைமாற்று வாங்கினார்.

திறவுகோல்:
இதைத்தான் முதலிலிருந்தே சொல்கிறேன். தடுப்பு தவறும்போது அடி விழுவது மென்பொருள் செய்தவர் மேல் இல்லை, அந்தப் பையனின் அப்பா மேல்.

வேலிக்காத்தான்:
தடுப்பே இல்லாமல் ஒரு பிள்ளை போலி வங்கிப் பக்கத்தில் ஓடிபி கொடுத்துவிட்டால் ஒன்பது நாளில் பணம் வருமா? இணைய மோசடிப் புகாருக்கான 1930-ஐ உடனே அழைத்தால்கூட எவ்வளவு மீளும் என்று உறுதி கிடையாது. நான் என் கருத்தில்தான் நிற்கிறேன்.

தேரடிக்காரர்:
இரண்டு நாள் இரவு உட்கார்ந்து செய்ததைச் சொல்கிறேன். மூன்று கணினிகளில் மின்ட் போட்டாகிவிட்டது, நான்காவது இந்த வாரம். ஆறிலும் சாதாரணக் கணக்கு. ரௌட்டரில் 1.1.1.2. டீச்சர் எழுதியதைப் படித்த பிறகு 1.1.1.3 வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பிரௌசரில் விளம்பரத் தடுப்பான்.

ஒவ்வொரு மானிட்டரின் கீழும் தேர்வாணையம் முதல் சான்றிதழ் வரை சரியான முகவரிகளைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு ஒட்டியிருக்கிறேன். 'டாட் ஜிஓவி டாட் இன்' என்ற முடிவை அரசு தவிர வேறு யாரும் வாங்க முடியாது என்பதைத் தமிழில் எழுதி, அதன் கீழே 'திரை சிவப்பாகி அலறினால் பயப்படாதீர்கள், அண்ணனைக் கூப்பிடுங்கள், காசு இல்லை' என்று சேர்த்திருக்கிறேன். நேற்று ஒரு பெரியவர் அந்தத் தாளைப் படித்துவிட்டு, தன் பேத்திக்குக் கொடுக்க ஒரு பிரதி கேட்டு வாங்கிப் போனார்.

ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது, டெக்னீஷியன் ஐயா. பழைய கேனான் பிரின்டர் மின்டில் இரண்டு பக்கம் அடித்ததும் நின்றுவிடுகிறது. டிரைவரை மாற்ற வேண்டுமா?