மொறிஸ் மைனருக்கு பிளக் மாற்றுவதா, உரஞ்சிப் போடுவதா?

மைனர்காரன், கிளிநொச்சி:
நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார்: பொருளாதாரத் தடைக் காலத்தில் இஞ்சினுக்குள் பொறி தரும் பிளக்கை சான்ட் பேப்பரால் உரஞ்சியே வன்னி முழுக்க ஓடினோமாம், மொறிஸ் மைனர் மாதிரிப் பழைய காருக்குப் புது பிளக் காசைக் கரியாக்கும் வேலையாம். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. சாதாரண நிக்கல் பிளக் 15,000, மிஞ்சினால் 20,000 கிலோமீற்றர். நடுமுனை தேய்ந்து உருண்டால் பொறி பாய வோல்ற்றேஜ் கூட வேண்டும், அந்த வோல்ற்றேஜைக் கொடுக்கும் கொயிலுக்கும் பாரம். நடுமுனையைச் சுற்றியுள்ள வெள்ளைப் பீங்கானை சான்ட் பேப்பர் கீறினால் அந்தக் கீறலில் கரி பிடிக்கும்; பொறி முனையில் பாயாது, கரி வழியே இறங்கிவிடும்.

ஒட்டுசுட்டான் டிரைவர்:
எழுதினது நான்தான். 1990களில் பெற்றோலைப் போத்தல் கணக்கில் வாங்கின ஆட்கள் நாங்கள். கார்பரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, இஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். பிளக் கரியாய்ப் பிடிக்கும். உரஞ்சுவோம், ஓடுவோம். அப்போது தம்பி எங்கே இருந்தீர்?

மைனர்காரன், கிளிநொச்சி:
இங்கேதான் இருந்தேன் அண்ணை. அன்றைக்கு வேறு வழி இல்லை. இப்போது பெற்றோலில்தானே ஓடுகிறீர்கள், கரி எங்கிருந்து வருகிறது? காய்ந்த கறுப்பென்றால் பெற்றோல் கூடப் போகிறது: காற்றைக் குறைக்கும் சோக் இறுகி நிற்கும், அல்லது எயார் பில்ரர் புழுதியில் அடைத்திருக்கும். எண்ணெய் ஈரமென்றால் பிஸ்ரன் றிங், வால்வ் கைட் தேய்ந்து எண்ணெய் உள்ளே வருகிறதா பாருங்கள். வெளிர் பழுப்பென்றால் இஞ்சின் சுகம். உரஞ்சினால் அந்த நிறமே போய்விடும், பிறகு எதைப் பார்த்து வருத்தத்தைக் கண்டுபிடிப்பீர்கள்?

பரந்தன் ஸ்பானர்:
முனையை மட்டும் மெல்லிய அரத்தால் சமப்படுத்தலாம். பீங்கானில் படக்கூடாது. முனைகளுக்கு நடுவே இடைவெளி (கேப்) 0.025 அங்குலம் வைக்க வேண்டும், இரண்டு பேரும் அதைப் பற்றி மூச்சே விடவில்லை.

ஒட்டுசுட்டான் டிரைவர்:
பார்த்தீரா தம்பி, கராச் வேலை தெரிந்தவரே உரஞ்சலாம் என்கிறார்.

பரந்தன் ஸ்பானர்:
நான் சொன்னது அரம். சான்ட் பேப்பர் இல்லை.

வவுனியா வாசி:
பரந்தன் பக்கத்து ஆட்கள் பிளக் பற்றிப் பாடம் எடுக்கிறார்களா? அங்கே ஒரு கராச்சில் சூடு ஆறாத அலுமினிய இஞ்சின் ஹெட்டில் பிளக்கைக் கழற்றி என் காரின் மரையைத் தின்னக் கொடுத்தார்கள். கையால் கடைசிவரை சுற்றிவிட்டு, புது வாசருக்கு அரைச் சுற்றுத்தான் இறுக்க வேண்டும் என்பது கூடத் தெரியாது.

பரந்தன் ஸ்பானர்:
எவனோ செய்ததற்கு ஊரையே இழுக்காதீர். வவுனியாவில் வாங்கிய போலி பிளக் எத்தனையை நான் கழற்றி எறிந்தேன் தெரியுமா?

மைனர்காரன், கிளிநொச்சி:
ஊர்ச் சண்டையை விடுங்கள். பீங்கானில் சான்ட் பேப்பர் படலாமா, கூடாதா? அதற்குப் பதில் வரவில்லை.

ஒட்டுசுட்டான் டிரைவர்:
முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு உரஞ்சின பிளக்கோடு போனவன் நான். ஒரு நாளும் வழியில் நிற்கவில்லை. அதுதான் பதில்.

மைனர்காரன், கிளிநொச்சி:
அது பதிலே இல்லை. நாலு பிளக்கையும் கழற்றிப் படம் போடுங்கள், பீங்கானைப் பார்ப்போம்.

ஒட்டுசுட்டான் டிரைவர்:
ஓடுகிற காரின் பிளக்கை நான் ஏன் கழற்ற வேண்டும்?

மைனர்காரன், கிளிநொச்சி:
பீங்கானில் பட்டதா, இல்லையா?