பொருள்: மறு: ரீசைஸ், கம்ப்ரஸ், டிரான்ஸ்கோடு மூன்றுக்கும் 'சுருக்கம்' போதாது

வணக்கம்.

இழையில் இதுவரை வந்த மடல்களைப் படித்தேன். காணொளியைச் சர்வரில் ஏற்றிய பிறகு நடக்கும் எல்லா வேலைக்கும் 'சுருக்கம்' என்ற ஒரே சொல்லே போதும் என்று ஐயா எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை.

எங்கள் பகுதிக்கான காணொளித் தளத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். சித்திரைத் திருவிழா வந்தால் தல்லாகுளம் தொடங்கி வண்டியூர் வரை ஆளாளுக்கு எடுத்த காணொளிகள் வந்து குவியும். 4கே-யில் எடுத்தது, கைபேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்தது, ஐபோனின் மூவ் (.mov) கோப்பு என்று எல்லாம் கலந்து கிடக்கும். ஏற்றுபவருக்கு நாங்கள் காட்டியது ஒரே பொத்தான்: 'சுருக்கு'. பத்து நிமிடக் காணொளியை வெட்டி இரண்டு நிமிடமாக்கிவிடுவீர்களா என்று போன் போட்டுக் கேட்டவர்கள் உண்டு. அவர்கள் கேட்டதில் தப்பே இல்லை. தமிழில் சுருக்கம் என்றால் கதைச்சுருக்கம், செய்திச்சுருக்கம், நீளமானதைக் குட்டையாக்குவது. நாம் செய்வது அது இல்லையே.

ரீசைஸ், அதாவது படத்தின் நீள அகலத்தை மாற்றுவது பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 'அளவுமாற்றம்' என்று இரண்டு மூன்று பேர் சொல்லிவிட்டீர்கள், அதுவே சரி. 1920×1080 படத்தை 1280×720 ஆக்கினால் ஒரு சட்டகத்தில் (ஃபிரேமில்) 20,73,600 படப்புள்ளிகள் இருந்த இடத்தில் 9,21,600 நிற்கும், பாதிக்கும் குறைவு. (காணொளியை மாற்ற உதவும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளில் உயரத்தை மட்டும் கொடுத்து, அகலத்துக்கு மைனஸ் 2 என்று போடுங்கள். நீள அகல விகிதமும் கெடாது, எண்ணும் இரட்டைப்படையாக வரும். ஒற்றைப்படை வந்தால், காணொளியை எச்.264 என்ற பரவலான முறையில் எழுதும் குறியாக்கம் பொதுவாகத் தொடங்காமலே நின்றுபோகும்.)

கோப்பின் எடையைக் குறைக்கும் கம்ப்ரஸ்தான் உண்மையான சிக்கல். அங்கே படப்புள்ளி ஒன்றுகூடக் குறைவதில்லை. முந்தைய சட்டகத்திலிருந்து எது மாறியதோ அதை மட்டும் எழுதி வைத்து, கண்ணுக்கு எளிதில் படாத நுணுக்கத்தைக் கழித்துவிடுகிறார்கள். எச்.264-இல் குறியாக்கும் எக்ஸ்264 மென்பொருளில், தரத்தைத் தீர்மானிக்கும் சி.ஆர்.எஃப். என்ற எண்ணுக்கு வழக்கமான மதிப்பு 23. அதே 23-ஐ வைத்து இரண்டு காணொளிகளை ஓட்டிப் பாருங்கள். மேடையில் ஒருவர் நின்று பேசுவது சின்னக் கோப்பாகிவிடும். அழகர் வைகையில் இறங்கும்போது துருத்தியில் தண்ணீர் பீய்ச்சுகிறார்களே, அந்தக் காணொளி லேசில் குறையாது. ஒவ்வொரு துளியும் அடுத்த சட்டகத்தில் வேறு இடத்தில் இருக்கும். கூட்டமும் அசைந்துகொண்டே இருக்கும். மிச்சப்படுத்த அதில் ஒன்றும் இல்லை. பிட்ரேட்டுக்கு (நொடிக்குச் செலவாகும் தரவின் அளவுக்கு) உச்சவரம்பு போட்டு வலிந்து குறைத்தால் துளிகள் கட்டம் கட்டமாகச் சிதைந்து தெரியும். இப்படிக் காணொளிக்குக் காணொளி வேறு விதமாக நடக்கும் வேலைக்கு அளவுமாற்றத்தோடு ஒட்டாத தனிச்சொல் வேண்டும்.

அக்கா 'சுண்டுதல்' என்று எழுதியிருந்தார். ஜிகர்தண்டாவுக்குப் பாலைச் சுண்டக் காய்ச்சுகிற ஊரில் இந்தச் சொல் யாருக்கும் புரியும். சுண்டிய பால் பழையபடி ஆகாது, இறக்கிய தரமும் திரும்பாது. அந்த வகையில் நல்ல பொருத்தம். ஆனால் பாலில் போவது வெறும் தண்ணீர். காணொளியில் போவது படத்தின் நுணுக்கம். அதோடு பொத்தானில் 'சுண்டு' என்று போட்டால் நாணயம் சுண்டுவதுதான் முதலில் தோன்றும். நான் முன்வைப்பது 'இறுக்கம்'. வினையாக 'இறுக்கு', முடிந்த கோப்பு 'இறுக்கிய கோப்பு'. காணொளிக்கு 'இழப்புள்ள இறுக்கம்', ஜிப் கோப்புக்கு 'இழப்பில்லா இறுக்கம்' என்று இரண்டு பக்கமும் வளைந்து கொடுக்கும். மன இறுக்கம் நினைவுக்கு வருகிறது என்று தம்பி மறுத்திருந்தார். கோப்பு என்ற சொல் பக்கத்தில் இருக்கும்போது அந்தக் குழப்பம் வராது என்றே நினைக்கிறேன்.

அப்புறம் டிரான்ஸ்கோடு, அதாவது ஏற்கெனவே குறியாக்கிய காணொளியை அவிழ்த்து மறுபடி குறியாக்குவது. 'மறுகுறியாக்கம்' என்பது என் தேர்வு. 'குறிமாற்றம்' அழகாக இருந்தாலும், வேறு கோடெக்குக்கு (எச்.264 போன்ற குறியாக்க முறைக்கு) மாறினால்தான் அது பொருந்தும். நம் சர்வரில் எச்.264 உள்ளே வந்து எச்.264 ஆகவே வெளியே போவதுதான் அதிகம். ஆனாலும் ஒருமுறை அவிழ்த்து மறுபடி குறியாக்கும்போது தரம் கொஞ்சம் போகத்தான் செய்யும். 'மறு' என்ற முன்னொட்டு அதைச் சொல்லிவிடுகிறது. ஒரு வேண்டுகோள்: பிறர் படிக்க முடியாதபடி தரவை மறைக்கும் என்கிரிப்ஷனுக்குக் குறியாக்கம் என்று எழுதுவதை இந்தக் குழுவிலாவது நிறுத்துவோம். அதற்கு 'மறையாக்கம்' இருக்கிறது.

இன்னொரு வேலையை இழையில் யாரும் தொடவில்லை. மூவ் கோப்புக்குள் ஏற்கெனவே எச்.264 இருந்தால் அதை அவிழ்க்கவே வேண்டாம். உள்ளிருப்பதை அப்படியே எம்பி4-க்குள் எடுத்து வைத்தால் நொடிகளில் முடிந்துவிடும், தரமும் துளி குறையாது. ரீமக்ஸ் என்கிறார்கள். படத்தையும் ஒலியையும் சேர்த்து வைக்கும் மூவ், எம்பி4 போன்ற கன்டெய்னருக்குக் 'கொள்கலன்' என்றால், மென்பொருளைப் பொதிந்து ஓட்டும் டாக்கர்காரர்கள் அந்தச் சொல்லை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். 'கூடு' என்று வைத்தால் ரீமக்ஸ் 'கூடுமாற்றம்' ஆகிவிடும். கூடு விட்டுக் கூடு பாய்வதைக் கேள்விப்பட்ட யாருக்கும் உயிர் அதேதான், உடம்புதான் வேறு என்று சொல்லிக்கொடுக்க வேண்டாம். இந்த ஒரு சொல்லுக்காக நான் சண்டையே போடத் தயார்.

மொழிபெயர்ப்புக் கோப்பில் இந்த நான்கையும் போட்டு, சோதனைத் தளத்தில் ஏற்றியிருக்கிறேன். 'இறுக்கு' பொத்தானுக்குக் கீழே ஒரு வரி விளக்கம் தேவைப்படுகிறது. இப்போதைக்கு "காணொளியின் நீளம் மாறாது, கோப்பு சிறிதாகும், படத்தின் தெளிவு சற்றுக் குறையலாம்" என்று வைத்திருக்கிறேன். கைபேசித் திரையில் இது மூன்று வரிக்கு ஓடுகிறது. பொருள் கெடாமல் இதைவிடக் குறுக எழுத முடிந்தால் அனுப்புங்கள்.

அன்புடன்,
மதுரையிலிருந்து