மின்சாரம் போன அரங்கில் கற்றவை

2018 ஜனவரியில் லாஸ் வேகாஸில் நடந்த சி.இ.எஸ். என்ற நுகர்வோர் மின்னணுப் பொருள் கண்காட்சிக்கு எங்கள் நிறுவனத்தின் சார்பில் சென்றிருந்தேன். வீட்டு உபயோகக் கருவிகளுக்கு மென்பொருள் எழுதும் சிறிய நிறுவனம் எங்களுடையது. 1967இல் நியூயார்க்கில் தொடங்கிய இந்தக் கண்காட்சிக்குப் பொதுமக்களுக்கு அனுமதி கிடையாது. மொத்தமாக வாங்கி விற்பவர்கள், முதலீட்டாளர்கள், பொறியாளர்கள், செய்தியாளர்கள் போன்ற துறை சார்ந்தவர்கள்தாம் வருவார்கள். அந்த ஆண்டு ஏறத்தாழ 4,000 நிறுவனங்கள் கடை விரித்திருந்தன, வந்தவர்களோ ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் மேல். இவ்வளவு நெரிசலில் ஒரு புதிய பொருள் எப்படிக் கண்ணில் படுகிறது, கண்ணில் பட்டது எப்படி விலைபோகிறது என்று பார்ப்பதே என் நோக்கமாக இருந்தது. இந்த இரண்டுக்கும் இடையே நான் எண்ணியதைவிட மிகப் பெரிய தூரம் இருக்கிறது.

ஊருக்குள் நுழைந்ததுமே கண்ணில் பட்டது கூகுளின் விளம்பரம். மோனோரயில் பெட்டிகளின் மேல் ‘ஹே கூகுள்’ என்ற இரண்டே சொற்களைப் பெரிதாக எழுதியிருந்தார்கள். குரலுக்குப் பதில் சொல்லும் அவர்களுடைய கருவியின் திறன், உள்ளிருக்கும் சிப், விலை என எதுவும் இல்லை. வீட்டுக்குப் போய் அந்தக் கருவியின் முன் நின்றால் வாயைத் திறந்து என்ன சொல்ல வேண்டும் என்பதை மட்டும் அந்த விளம்பரம் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தது. கண்காட்சி தொடங்கிய ஜனவரி 9ஆம் தேதி பெய்த மழையில், வாகன நிறுத்துமிடத்தில் அவர்கள் அமைத்திருந்த திறந்தவெளி அரங்கை மூட வேண்டியதாயிற்று. ஆனாலும் ரயில் நாள் முழுக்க அந்த இரண்டு சொற்களைச் சுமந்துகொண்டு ஓடியதால் அவர்களுடைய செய்தி நிற்கவில்லை. ஒரே இடத்தையோ ஒரே நிகழ்வையோ நம்பிச் செய்தியைக் கட்டிவைக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடத்தை நான் பார்த்ததில்லை.

அதற்கு முந்தைய நாள் எல்ஜி நிறுவனத்தின் செய்தியாளர் சந்திப்பில் க்ளோய் என்ற சிறிய ரோபோவை அறிமுகப்படுத்தினார்கள். சமையலறை வேலையை எளிதாக்கும் துணை என்று சொல்லப்பட்ட அந்த ரோபோ, முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, அடுத்தடுத்த கேள்விகளுக்கு மேடையிலேயே வாய் திறக்கவில்லை. குரலறியும் கருவி எதுவும் இரைச்சலும் வயர்லெஸ் நெருக்கடியும் மிகுந்த மண்டபத்தில் தடுமாறக்கூடியதுதான்; பொறியாளன் என்ற முறையில் அதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் ‘எளிது’ என்பதையே வாக்குறுதியாகக் கொண்டு விற்கப்படும் பொருள் மேடையில் தயங்கி நின்றால், பார்ப்பவர் மனத்தில் உடைவது அந்த வாக்குறுதிதான்.

ஜனவரி 10ஆம் தேதி முற்பகலில், பெரிய நிறுவனங்கள் நிறைந்திருந்த மைய மண்டபத்தில் மின்சாரம் போய்விட்டது. முந்தைய மழையின் ஈரம் மின்மாற்றி ஒன்றைப் பாதித்ததே காரணம் என்று பிறகு அறிவித்தார்கள். மீண்டும் முழுமையாக வருவதற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆயிற்று. சுவரளவு திரைகள் எல்லாம் அணைந்த அந்த முதல் சில நிமிடங்களை நான் மறக்கவே மாட்டேன். சில அரங்குகளில் பணியாளர்கள் திரையைப் பார்ப்பதும் ஒருவரையொருவர் பார்ப்பதுமாக நின்றார்கள். எனக்கு அருகில் இருந்த ஒரு சிறிய அரங்கிலோ, ஒருவர் கைபேசி விளக்கைப் பொருளின் மேல் சாய்த்துப் பிடித்து, விட்ட இடத்திலிருந்து விளக்கத்தைத் தொடர்ந்தார். அவருக்கு எதிரே நின்றவர்களில் ஒருவர்கூட நகரவில்லை. திரையில்லாமல், இணையமில்லாமல், கையும் வாயும் மட்டும் கொண்டு ஒரு பொருளை விளக்க முடிகிறதா என்பது நல்ல சோதனை என்று அங்கேதான் உணர்ந்தேன்.

கூட்டம் அலைமோதிய இடங்களில் ஒன்று துணி மடிக்கும் இயந்திரம். லாண்ட்ராய்டு என்ற அந்த ஜப்பானியக் கருவி அலமாரி அளவுக்கு இருந்தது. விலை ஏறத்தாழ 16,000 டாலர். ஒரு சட்டையை மடிக்கச் சில நிமிடங்கள் எடுத்துக்கொண்டது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் அரிய சாதனை. கசங்கிய துணி எந்த வகை, எப்படிக் கிடக்கிறது என்று இயந்திரம் அறிவது எளிதே அல்ல. எல்லோரும் படம் எடுத்தார்கள், வியந்தார்கள், அடுத்த அரங்குக்குப் போனார்கள். அந்த நிறுவனம் 2019 ஏப்ரலில் திவாலானது. அந்தப் பொறியாளர்களின் உழைப்பை நினைத்து எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

நான் அதிக நேரம் செலவிட்டது சாண்ட்ஸ் மண்டபத்தில் இருந்த யுரேகா பார்க் பகுதியில். நூற்றுக்கணக்கான ஸ்டார்ட்அப்கள், ஆளுக்கொரு சிறிய மேசையுடன். பிரெஞ்சு நிறுவனங்கள் தங்கள் நாட்டுத் தொழில்முனைவோர் இயக்கத்தின் சிவப்புச் சேவல் சின்னத்தோடு திரளாக வந்திருந்தன. ஒரு மேசையில் தண்ணீர்க் கசிவைக் கண்டறியும் கருவியை வைத்திருந்தார்கள். தாளில் அச்சிட்ட விளக்கம் எதுவும் அங்கே இல்லை. முழ நீளக் கண்ணாடிக் குழாயில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. குழாயின் மேல் கருவி கவ்வியிருந்தது. அங்கிருந்த இளம்பெண் அடியிலிருந்த சின்னத் திருகை மயிரிழை அளவு திறந்தார். துளி சேர்ந்து, தயங்கி, விழுந்தது. இரண்டாவது துளி விழுவதற்குள் மேசைமேல் இருந்த கைபேசி அதிர்ந்தது.

அப்போது காப்பீட்டு நிறுவனம் ஒன்றைச் சேர்ந்தவர் வந்து விலை கேட்டார். அந்தப் பெண் விலையைச் சொல்லாமல், ஒரு வீட்டில் குழாய் உடைந்தால் இழப்பீடாக உங்களுக்கு எவ்வளவு செலவாகிறது என்று திருப்பிக் கேட்டு, அவர் சொன்ன தொகையைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பிறகு நடந்த பேச்சு முழுவதும் அந்தத் தொகையைச் சுற்றியே நடந்தது. கருவியைப் பயன்படுத்துபவர் வீட்டுக்காரர். அதற்குப் பணம் கொடுக்கக் காரணம் உள்ளவரோ காப்பீட்டாளர். இதைக் கண்டுகொண்டதை நான் கருவிக்கு இணையான புத்தாக்கமாகவே மதிக்கிறேன்.

இதே கண்காட்சியில் 2009இல் பாம் ப்ரீ கைபேசி எல்லோரையும் மயக்கியது. அதன் வெப்ஓஎஸ் மென்பொருளைச் செய்தியாளர்கள் கொண்டாடினார்கள். ஆனால் அமெரிக்காவில் ஸ்பிரிண்ட் என்ற ஒரே சேவை நிறுவனத்தின் மூலம் ஜூன் மாதம் கடைக்கு வந்தபோது, அதே மாதத்தில் ஐபோன் 3ஜிஎஸ்ஸும் வந்துவிட்டது. பாம் நிறுவனத்தை எச்.பி. 2010இல் வாங்கி, அடுத்த ஆண்டே அந்தக் கருவிகளைக் கைவிட்டது. 2013இல் மென்பொருள் எல்ஜியின் கைக்குப் போயிற்று. இன்று அந்நிறுவனத்தின் தொலைக்காட்சிகளை இயக்குவது அதுதான். நல்ல சரக்கு தனக்கேற்ற சந்தையை அடைய இவ்வளவு சுற்ற வேண்டியிருந்தது.

ஊர் திரும்பியதும், குளிர்சாதனங்களின் மின்செலவைக் கண்காணிக்கும் எங்கள் செயலியை வீட்டுக்காரர்களுக்கு விளக்குவதோடு நில்லாமல், மாணவர் விடுதிகளை நிர்வகிப்பவர்களிடமும் கொண்டுபோனோம். முதலில் அவர்களுடைய மின்கட்டண ரசீதுகளை வாங்கி, அவர்களோடு உட்கார்ந்து வரி வரியாகப் படித்தோம். செயலியைத் திறந்து காட்டியது சந்திப்பின் கடைசியில்தான். அதற்குள் எந்தத் தளத்தில், எந்த நேரத்துச் செலவைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவர்களே கேட்கத் தொடங்கியிருந்தார்கள்.