உல்லைக் கரையில் சந்தித்தவர்கள்

மட்டக்களப்பில் பிறந்து வளர்ந்தும் முப்பத்தொரு வயது வரைக்கும் நான் இடுப்பளவுக்கு மேல் கடலில் இறங்கினதில்லை. போன வருசம் யூலையில் சேர்பிங், அதாவது பலகையில் நின்று அலை ஓடுவது, பழகத் தங்கச்சியோடு அறுகம்குடா போனேன். கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி எல்லாம் தாண்டிப் பொத்துவிலில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஆட்டோவில் பாலத்தைக் கடந்தால் உல்லை, அறுகம்குடாவின் கரையூர். மோட்டார் சைக்கிள் பக்கத்தில் பலகையைச் செருகிக்கொண்டு வெள்ளைக்காரர் ஓடித் திரியும் ஒற்றைத் தெரு.

நான் சொல்ல வந்தது அடுத்த நாள் விடியற்காலையைப் பற்றி. குடாவின் தெற்கு மூலையில்தான் மீன்பிடிப் படகுகள் நிற்கும். அதைத் தாண்டித்தான் சேர்பிங் பழகுகிற இடத்துக்குப் போகணும். வலையில் சிக்கின பாசியைக் கழற்றிக்கொண்டிருந்த ஒரு வயதான மீனவக் காக்கா (எங்கள் பக்கத்தில் முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) என்னையும் என் பலகையையும் பார்த்தார்.

"எங்க புள்ள இறங்கப் போறீங்க?"

நுரையே இல்லாமல் அமைதியாகக் கிடந்த ஒரு துண்டைக் காட்டினேன். அவர் வலையைக் கீழே வைத்துவிட்டு எழும்பி வந்தார்.

"அங்க மட்டும் வேணாம். அலை உடையல்ல, நல்ல இடம் எண்டு நினைக்கிறீங்க. கரைக்கு ஏறின தண்ணி திரும்பிப் போகணுமே, அது போற வாசல்தான் அது. இழுத்தா கரையப் பார்த்து நீந்தாதீங்க, களைச்சுருவீங்க. கரையோட ஒத்தாப்போலப் பக்கவாட்டா நீந்துங்க. இழுவை தானா விட்டுரும்."

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு படகு வெளியில் வந்து நின்றது. ஏன் கரைக்கு வராமல் நிற்கிறது என்று கேட்டேன். "எண்ணுறாங்க" என்றார். பெரிய அலைகள் கூட்டமாக வரும், பிறகு கொஞ்ச நேரம் ஓய்வு இருக்குமாம். ஐந்தோ ஆறோ போனது. இயந்திரம் உறுமியது, படகு ஒரே ஓட்டத்தில் மணலில் ஏறியது. அரை மணித்தியாலத்தில் தண்ணீருக்குள் என் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்ற, சேர்பிங் பழக்கின தம்பியும் அதையேதான் சொன்னார்: "பொறுங்க அக்கா, இந்தக் கூட்டம் போகட்டும்." அவரும் அந்த ஊர் மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைதான். எந்தப் புத்தகத்திலும் படிக்காத பாடம், எண்ணிப் பழகின கண் அது.

மூன்றாம் நாள் எழும்பி நின்றேன். நாலு செக்கன் இருக்கும். பக்கத்தில் அந்த ஊர்ப் பெண்கள் என்னைவிட நூறு மடங்கு நன்றாக ஓடினார்கள். 2018இல் அங்கே பெண்களே தங்களுக்கென்று ஒரு சேர்பிங் கழகம் தொடங்கினார்கள், நாட்டிலேயே முதலாவது. எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளும் கடலுக்குள் இறங்க வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

* * *

அக்கா, நீங்கள் எழுதினதைப் படித்தேன். நான் பொத்துவில். நீங்கள் யூலையில் வந்தது சரியான காலம். சித்திரை கழிந்து ஐப்பசி வரை தெற்கே தூரத்துப் பெருங்கடலில் கிளம்புகிற அலை எங்கள் முனையைச் சுற்றி வளைந்து உள்ளே வரும். அந்தக் காலத்தில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று தரையில் இருந்து கடலுக்கு வீசுவதால் அலையின் முகம் குலையாமல் நிற்கும். மார்கழிக்கு வந்தால் வாடையும் மழையும் கலங்கல் தண்ணியும்தான். கடைகளும் பாதி பூட்டு.

2004 மார்கழி 26 சுனாமிக்குப் பிறகு இரண்டு வருசம் என் வாப்பா கடல் பக்கம் திரும்பியே பார்க்கல்ல. பிறகு வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் பலகையோடு இறங்குவதைக் கரையில் நின்று பார்த்திருக்கிறார். "அவனுக்கு இல்லாத பயம் எனக்கு என்னத்துக்கு?" என்று அடுத்த கிழமை படகைத் தள்ளினார்.

* * *

நானும் இந்தப் பதிவைப் படித்துத்தான் எழுதுகிறேன். நான் அந்தப் பக்கம் போனது சேர்பிங்குக்கு இல்லை, கதிர்காமப் பாதயாத்திரையில். பொத்துவில், பாணமை கடந்து உகந்தை முருகன் கோயில். அங்கிருந்துதான் குமண காட்டுக்குள் இறங்குவது. பாணமைக்குக் கிட்ட ஒரு களப்பில் கால் கழுவப் போன எங்களை ஒரு மீன்பிடிக்காரர் சிங்களத்தில் சத்தம் போட்டு நிறுத்தினார். எங்களுக்கு விளங்கியது "கிம்புலா" என்ற ஒரு சொல் மட்டும். முதலை. 2017இல் அந்தக் கரைப்பக்கம் ஒரு வெளிநாட்டவரை முதலை பிடித்தது என்று பிறகுதான் தெரியும். அவர் தன் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து எங்கள் பதினொரு பேரின் காலிலும் தானே ஊற்றினார்.

உகந்தைக் கடற்கரையிலும் அலை ஓடுகிறார்கள். நாங்கள் வேலோடு முழுகப் போனபோது பலகைகளோடு மூன்று பையன்கள் வெளியே வந்தார்கள். எங்கள் கூட்டத்து அம்மம்மா ஒருத்தி அவர்களை நிற்பாட்டி, எந்தப் பக்கம் இறங்கினால் இழுக்காது என்று கேட்டாள். பையன் பலகையை மணலில் போட்டுவிட்டு, அவளின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், அவள் மூன்று முறை முழுகி எழும்பும் வரை பக்கத்திலேயே நின்றான்.